நின்றுபோன தவணை

நான்கு மாதத்துக்கு ஒருமுறை ‘கிஸான் பணம்’ வரும் என்று ஊரில் பேச்சு எழுகிற சமயங்களிலெல்லாம், பாஸ் புத்தகத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வங்கி வாசலில் காத்து நிற்கும் ஒரு மூதாட்டியைப் பார்த்து வந்தேன். வரவு பதியவில்லை என்றதும் பேசாமல் பஸ் ஏறிவிடுவார். விசாரித்தபோதுதான், மகன் யோசனையின்பேரில் அவர் வேறொரு வங்கியில் துவக்கி, பின் மறந்தே போன கணக்கில் அந்தத் தொகை ஒழுங்காகச் சேர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் “மேலிருந்து வரவில்லை” என்று சொல்லி அனுப்பிய உத்தியோகஸ்தர்களில் ஒருவருக்காவது அதை விசாரித்துச் சொல்லும் சிரத்தை இருந்திருக்கலாம்.

2019 பிப்ரவரியில் துவக்கப்பட்ட பிரதம மந்திரி கிஸான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக, இரண்டிரண்டாயிரமாக வருகிறது. அந்தப் பணம் கணக்கு எண்ணைத் தேடி வருவதில்லை. ஆதார் எண்ணைத் தேடி, அந்த ஆதார் நேரடி மானியத்துக்காகக் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய்ச் சேருகிறது. கணக்குத் துவக்கும்போது ஆதார் நகல் கொடுத்தது வேறு, மானியம் பெறுவதற்காக இணைப்பது வேறு. எந்தக் கணக்கில் பணம் வர வேண்டுமோ, அந்த வங்கியில் ஆதார் இணைப்புச் சம்மதப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பிரயோஜனமில்லை.

தவணை நின்றால், முதலில் திட்டத்தின் இணையதளத்தில் பயனாளி நிலையைப் பார்க்க வேண்டும்; கைபேசி பழக்கமில்லாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் பார்க்கச் சொல்லலாம். ஆதார் விவரச் சரிபார்ப்பான இ-கே.ஒய்.சி., வங்கி இணைப்பு, நிலப் பதிவு ஆகிய மூன்றில் எதற்கு எதிரே ‘இல்லை’ என்று இருக்கிறதோ, கோளாறு அங்கேதான். சரிபார்ப்பு முடியாதிருந்தால் சேவை மையத்தில் கைரேகை வைத்தால் போதும். நிலப் பதிவு இல்லையென்றால் பட்டா, ஆதார் நகல்களோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அது வங்கியில் தீருகிற விஷயமன்று.

இதில் ஜனங்கள் காட்டும் அசிரத்தைதான் எனக்கு மிகுந்த விசனம் தருகிறது. தகப்பனார் காலமாகிப் பத்து வருஷமாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். உழுகிறவர் மகன், வரி கட்டுகிறவர் மகன், காகிதத்தில் மட்டும் அவர் இல்லை. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, இ-சேவை மையத்தின் மூலம் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து, பெயர் ஏறிய பட்டாவோடு புதிதாகப் பதிவு செய்துகொள்வதே இதற்குப் பரிகாரம். 1.2.2019-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு உதவி கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. கணவன், மனைவி, மைனர் குழந்தைகள் சேர்ந்து ஒரே குடும்பம். இருவர் பெயரிலும் பெற்றால் பிறகு திருப்பிக் கட்ட நேரும்.

தரகர்களை நம்பாதீர்கள். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய ஜில்லாக்களில் தகுதியற்ற லட்சக்கணக்கானோரின் பெயர்களைச் சேர்த்து நடந்த மோசடி வெளிப்பட்டபோது, ஆதாரையும் பாஸ் புத்தகத்தையும் கமிஷனுக்கு ஆசைப்பட்ட ஆட்களிடம் நம்பி ஒப்படைத்த ஏழைகளின் கணக்கிலிருந்தே பணம் திரும்ப எடுக்கப்பட்டது. மறுபடியும் சொல்லுகிறேன்: கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், வாட்ஸப்பில் ‘கிஸான்’ என்ற பெயரில் வரும் செயலிக் கோப்பைத் தொடாதீர்கள்.

அலுவலகத்தில் தட்டிக்கழித்தால் 155261 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம். மாதந்தோறும் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவே கொடுத்துவிடலாம். எங்கே கொடுத்தாலும், கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அலுவலகத்தின் படி இறங்காதீர்கள்.