அறுந்த இடத்திலிருந்து மீண்டும்!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அவ்வூர்வாசி ஒருவரிடம் பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன பழைய தமிழ் நூல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உலகத் தமிழர் எல்லோரும் படிக்கட்டுமே என்று பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, தமிழ் விக்கிமூலத்துக்கு அனுப்ப முற்படுகிறார். கோப்பின் அளவு 400 மெகாபைட். விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் அது போய்ச் சேர சுமார் 27 நிமிஷம் பிடிக்கும். 25 நிமிஷம் கழிந்ததும் மின்சாரம் நின்றுவிட்டால்? அத்தனையும் வீண்! மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஏன் இந்தச் சங்கடம்?

வலைப் பக்கத்தின் வழியே கோப்பை அனுப்பும் முறையை 1995-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபெல், மாசின்டர் என்ற இருவர் வகுத்துக் கொடுத்தனர். கோப்பு முழுவதும் ஒரே வேண்டுகோளாகப் போகும். சிறிய படங்களுக்கு இது போதும். பெரிய கோப்போ வழியில் அறுந்தால், வந்த பகுதியை ஸர்வர் பொதுவாகக் கழித்துவிடும். ஒரே சமயத்தில் பலர் பெரும் சுமையை இறக்கினால் ஸர்வரே திணறிப்போகும் என்ற அச்சமும் உண்டு. அதனால்தான் என்ஜின்எக்ஸ் என்ற புகழ்பெற்ற ஸர்வர் மென்பொருள், அமைப்பை மாற்றி எழுதாதவரை, 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

மூட்டை மூட்டையாக!

களத்திலுள்ள நிலக்கடலையை யாரும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்லை அல்லவா? பரிகாரமும் அதுவே. 400 மெகாபைட்டை ஐந்தைந்தாகப் பிரித்தால் 80 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. வந்து சேர்ந்ததை ஸர்வர் குறித்துக்கொள்ளும். துண்டு ஒன்றுக்கு 20 விநாடிதான். 25 நிமிஷத்தில் 75 துண்டுகள் சேர்ந்திருக்கும். இணைப்பு திரும்பியதும், "எதுவரை வந்தது?" என்று கேட்டு, எஞ்சிய ஐந்தை மட்டும் அனுப்பினால் போதும். கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டி, சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டுவிட்டால் பழுதின்றி வந்ததா என்பது விளங்கிவிடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. விக்கிமூல நூல்களின் கோப்புகளைத் தாங்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் சாதாரண முறையில் 100 மெகாபைட்தான் ஏற்றலாம். துண்டு முறையிலோ 5 கிகாபைட் வரை இடம் உண்டு. அமேசானின் எஸ்3 சேமிப்பு நிலையமும் 2010 முதல் இம்முறையை அனுமதித்து வருகிறது. அங்கே ஒரு கோப்பை 10,000 துண்டுகள் வரை பிரிக்கலாம்.

யாருடைய நஷ்டம்?

அதிவேக இணைப்பு உள்ள நகரத்தில் உட்கார்ந்து வலைத்தளம் அமைப்பவருக்கு இந்தத் தொல்லை கண்ணில் படுவதேயில்லை. இணைப்பு அறுவது கிராமத்தில், நஷ்டமும் கிராமத்தானுக்கே. கடைசி நாளில் விண்ணப்பத்தோடு பத்திரங்களை அனுப்பும் மாணவனுக்கு, இரண்டாம் முறை முயல நேரம் இருப்பதில்லை. ஆகவே தளம் அமைப்போர் தம் வேலையைச் சோதிக்கும்போது ஒருமுறை இணைப்பைத் தாமே துண்டித்துப் பார்க்கட்டும். வந்து சேர்ந்ததை மறக்காத தளமே ஊருக்கு உதவும் தளம்.