கொதித்த பிறகே சிறு தீ

அமெரிக்காவின் தெற்கே உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் திங்கட்கிழமை என்ன சமையல் என்று யாரும் கேட்பதில்லை. சிவப்பு பீன்ஸும் சோறும்தான். வாஷிங் மெஷின் வராத காலத்தில் அங்கே திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள்; அடுப்பருகே நிற்க நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பையும் பீன்ஸையும் கனத்த சட்டியில் போட்டு ஏற்றிவிட்டால், துணியெல்லாம் அலசிக் கொடியில் போடுவதற்குள் சாப்பாடு தயாராகிவிடும். அந்த ஊரில் பிறந்த ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு இந்தச் சாப்பாட்டின் மேல் இருந்த பிரியம் ஊரறிந்தது. கடிதங்களின் முடிவில் ‘இப்படிக்கு’ போடும் இடத்தில்கூட சிவப்பு பீன்ஸையும் சோற்றையும் சேர்த்துக்கொள்வார்.

சிறு தீயில் மணிக்கணக்காக வேகும் உணவு என்றுதான் எல்லோரும் இதைப் புகழ்கிறார்கள். ஆனால் அடுப்பில் ஏற்றிய நிமிடத்திலிருந்தே சிறு தீ என்று யாராவது புரிந்துகொண்டால், சாப்பிட்டவர் பாடு திண்டாட்டம்தான்.

நம் கடைகளில் ராஜ்மா என்று விற்பதும் இதே பயறுதான். அதற்குள் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்றொரு புரதம் இருக்கிறது; லெக்டின் வகையைச் சேர்ந்தது. செல்களின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்வது அதன் குணம். சிவப்பணுக்களோடு கலந்தால் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்யும். வேகாமல் வயிற்றுக்குள் போனால் குடலின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், கடும் வாந்தி, பின்னாலேயே பேதி. நான்கைந்து பச்சைக் கொட்டைகளே இதற்குப் போதும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். 2006-ல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, இதே இனத்து வெள்ளை பீன்ஸைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவிச் சாப்பிட்டால் உடல் இளைக்கும் என்று சொல்லிக்கொடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வாந்தி பேதியில் விழுந்தார்கள்.

இதே புரதத்துக்கு ஆய்வகத்தில் நல்ல பெயர். இரத்த மாதிரியிலிருந்து சிவப்பணுக்களைத் திரட்டி விலக்கத்தான் முதலில் அதைப் பயன்படுத்தினார்கள். மிச்சமிருந்த வெள்ளை அணுக்கள் பிரிந்து பெருகத் தொடங்குவதற்கும் அதுவே காரணம் என்று 1960-ல் பீட்டர் நவல் என்ற ஆய்வாளர் காட்டினார். மனித குரோமோசோம்களைப் பரிசோதிக்கும் கூடங்களில் இன்றுவரை அது வேலை செய்துகொண்டிருக்கிறது. சட்டிக்குள் மட்டும் அதை விட்டுவைக்கக் கூடாது.

பச்சை ராஜ்மாவின் நச்சுத்தன்மையை அளந்தால் 20,000 முதல் 70,000 அலகு வரை காட்டும். நன்றாக வெந்தபின் 200 முதல் 400 வரைதான். இந்த இறக்கம் நடப்பதற்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். 100 டிகிரியில் பத்து நிமிடத்தில் அந்தப் புரதம் சிதைந்துபோகிறது. அடியிலும் மேலுமாக எல்லாக் கொட்டையும் அந்தச் சூட்டை எட்டுவதற்காக 30 நிமிடம் என்று பரிந்துரைக்கிறார்கள். 80 டிகிரியில் வைத்திருந்தால் நச்சு குறைவதற்குப் பதிலாகச் சில வேளை ஐந்து மடங்குவரை ஏறுகிறது. அமெரிக்க வீடுகளில் புழங்கும் ஸ்லோ குக்கர் என்ற மின்சாரப் பானையில் இருக்கும் சிக்கல் இதுதான். கூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம் என்று விற்கிறார்கள். உள்ளே பீன்ஸ் அந்த ஆபத்தான சூட்டிலேயே நின்றுவிடலாம். மேல்தோல் மெத்தென்று ஆகியிருக்கும், கடித்தால் நடுவே மாவாகக் கரகரக்கும். அந்த நிலையில் ‘ருசி’ பார்ப்பதுகூட வேண்டாம். பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அதற்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்குகிறது.

ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். வாயுத் தொல்லை தரும் ராஃபினோஸ், ஸ்டாகியோஸ் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

நச்சு போவது ஒரு கதை, மிருதுவாவது வேறு கதை. பயறின் செல்களை, செங்கற்களுக்கு நடுவே உள்ள சாந்து போல, பெக்டின் என்ற பொருள் பிடித்து வைத்திருக்கிறது. சூட்டில் அது கரைந்தால்தான் கொட்டை குழையும். கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பெக்டினை இறுக்கிவிடும். இவை மிகுந்த போர் தண்ணீரில் ராஜ்மா மட்டுமல்ல, துவரம் பருப்பும் அடம்பிடிப்பதற்குக் காரணம் அதுவே. ‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்று முதலில் சொன்னவர் வீட்டுக் கிணற்றை ஒரு வேதியியலாளர் சோதித்திருக்கலாம். ஊறவைக்கும்போது லிட்டருக்குச் சுமார் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டால், உப்பின் சோடியம் தோலில் உள்ள கால்சியத்தை இடம்பெயர்த்துவிடும். தோல் வெடிக்காமல் மிருதுவாகும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்ற பழைய நம்பிக்கையை நான் கைவிட்டது இதைப் படித்த பிறகுதான். சமையல் சோடா போட்டாலும் சீக்கிரம் வேகும். ஆனால் சோப்புச் சுவை தட்டும், தயமின் என்ற பி1 வைட்டமினும் அழியும்.

பழைய சரக்கு என்றால் எவ்வளவு கொதித்தாலும் பலன் குறைவு. வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த பயறில் ஃபைட்டேட் என்ற சேர்மம் சிதைந்து, அது பிடித்து வைத்திருந்த கால்சியத்தை விட்டுவிடுகிறது. அது போய்ப் பெக்டினோடு சேர்ந்துகொள்கிறது.

புளிப்பும் இதே பகையைச் செய்யும். அமெரிக்காவின் வடக்கே பாஸ்டன் நகரத்து பீன்ஸில் மொலாசஸ் என்ற கரும்புப் பாகைச் சேர்ப்பார்கள். அதில் அமிலம், சர்க்கரை, கால்சியம் மூன்றும் இருப்பதால், எத்தனை மணி நேரம் அடுப்பில் இருந்தாலும் கொட்டை கொட்டையாகவே நிற்கும். தெற்கத்திக்காரர்களுக்கு வேண்டியது நேர் எதிரானது. அதனால் சட்டியில் புளிப்பு எதையும் போடாமல் வெங்காயம், செலரித் தண்டு, குடமிளகாய், பூண்டு, தைம் இலை, புகையூட்டிய பன்றி இறைச்சி என்று நிறுத்திக்கொள்கிறார்கள். வினிகரில் ஊறிய மிளகாய்ச் சாறு மேசையில் புட்டியாகக் காத்திருக்கும். அவரவர் தட்டில் தெளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொதி முடிந்து தீயைக் குறைத்த பிறகுதான் அந்தப் பேர்பெற்ற பொறுமைக்கு வேலை. இரண்டு மணி நேரம் கழித்து, கரண்டியின் முதுகால் கொஞ்சம் பீன்ஸைச் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்குவார்கள். செல்கள் கிழிந்து, உள்ளே வெந்து வீங்கிய மாவுச்சத்து குழம்பில் இறங்கும். இத்தனை நேரம் மேலே தண்ணீர், கீழே பயறு என்று இருந்தது, சில நிமிடங்களில் கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும். வெண்ணெயோ பாலாடையோ சேர்த்ததாகச் சாப்பிடுகிறவர் நினைப்பார்.

இந்தச் சட்டிக்குள் பல தேசங்கள் இருக்கின்றன. பயறின் பூர்வீகம் மெக்சிகோவும் ஆண்டிஸ் மலைகளும்; அரிசி பழைய உலகத்துப் பயிர். ஹெய்ட்டியில் புரட்சி வெடித்தபோது கியூபாவுக்கு ஓடியவர்களை 1809-ல் அங்கிருந்தும் விரட்டினார்கள். வெள்ளையர், சுதந்திரக் கறுப்பர், அடிமைகள் என்று 9,000-க்கும் அதிகமானோர் நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினார்கள். ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கரீபியன் தீவுகளில் இன்றும் பயறும் சோறும் அன்றாட உணவு என்பதால், இந்தச் சமையலை அந்த அகதிகளோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அரிசிப் புரதத்தில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பயறும், பயறில் குறையும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அரிசியும் ஈடுகட்டுவது தெரியாமலேயே அவர்கள் சரியான ஜோடியைச் சேர்த்துவிட்டார்கள்.

தென் கரோலினாவில் தட்டைப்பயறையும் அரிசியையும் ஒரே பானையில் பொங்கி ‘ஹாப்பின் ஜான்’ என்று புத்தாண்டு அன்று சாப்பிடுகிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் சோறு தனியாகத்தான் வேகும், அதுவும் அமிலோஸ் என்ற மாவுச்சத்து வகை அதிகமுள்ள நீள அரிசி. பருக்கை பருக்கையாக நின்றால்தான் மேலே ஊற்றும் குழைந்த பீன்ஸுக்கு இடம் கிடைக்கும். நம்மூரில் செய்பவர்கள் பழைய பச்சரிசியோ பாஸ்மதியோ எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சிய பீன்ஸைக் குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்தின் இழைகள் மறுபடி நெருங்கி, காலையில் கட்டியாக இறுகியிருக்கும். அரைக் கரண்டி வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்தால் இளகிவிடும்.