ஓடிய கிலோமீட்டரும் உண்மையான வருமானமும்

வருமான வரிக் கணக்குத் தாக்கல் என்றவுடன் அரசு ஊழியர்கள், நிறுவனப் பணியாளர்கள், வணிகர்கள் ஆகியோரே நம் நினைவுக்கு வருகின்றனர். வீடுகளில் மின் இணைப்புப் பணி செய்பவர், குழாய்களைப் பழுதுபார்ப்பவர், தச்சர், குளிர்சாதனக் கருவிகளைச் செப்பனிடுபவர் போன்ற சுயதொழில் புரிவோர், 'நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லை என்பது அவர்கள் கூறும் காரணம். அது பெரும்பாலும் உண்மையே. ஆனால், வரி இல்லை என்பதும் கணக்கு வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

மாத ஊதியம் பெறுபவரின் வருமானத்துக்கு அவருடைய நிறுவனம் சான்றளிக்கிறது. நிலமுள்ளவருக்குப் பட்டாவும் சிட்டாவும் இருக்கின்றன. கைத்தொழிலையும் ஒரு வாகனத்தையும் நம்பி வாழ்பவரின் வருமானத்துக்கு யார் சாட்சி? ஆண்டுதோறும் அவர் தாக்கல் செய்யும் வரிக் கணக்கைவிட வலுவான சாட்சி அவருக்கு வேறில்லை.

கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர், எங்கள் பகுதியில் இத்தகைய தொழில் செய்வோர் சிலர் கணக்கு குறித்த ஐயங்களுடன் என்னிடம் வருவதுண்டு. அவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "சார், வண்டிக்குப் போடும் டீசலை வருமானத்தில் கழிக்கலாமா?" என்பதுதான். எளிய கேள்விதான், ஆனால், இதற்கான விடை, அவர்கள் எந்த முறையில் கணக்குக் காட்டுகின்றனர் என்பதைப் பொறுத்தது.

சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. முதலாவது, உத்தேச வருமான முறை. 1994-இல் கட்டட ஒப்பந்தப் பணிகளுக்கென அறிமுகமான இம்முறை, பின்னர் சிறுதொழில்கள் பலவற்றுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி பிரிவாக இருந்த இது, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. இதன்படி, ஆண்டு வரவு ரூ.2 கோடிக்குள் இருப்பவர், வங்கி, யுபிஐ போன்ற வழிகளில் வந்த தொகையில் 6 சதவீதத்தையும், ரொக்கமாக வந்த தொகையில் 8 சதவீதத்தையும் தனது வருமானமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு இந்த வரம்பு ரூ.3 கோடி. கணக்கேடுகளும் தணிக்கையும் தேவையில்லை.

எல்லாச் செலவுகளும் கழிக்கப்பட்ட பின் எஞ்சுவதாகக் கருதப்படும் தொகையே இந்த 6 அல்லது 8 சதவீதம். எனவே, இம்முறையைத் தேர்ந்தெடுத்தவர் டீசல், காப்பீடு, பழுதுநீக்கம் என எதையும் தனியே கழிக்க இயலாது. வாகனத்தின் தேய்மானமும் கழிக்கப்பட்டுவிட்டதாகவே சட்டம் கருதும். அவர் கேட்காவிட்டாலும், வரிக் கணக்கில் அவருடைய வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும்.

இரண்டாவது, வரவையும் செலவையும் முறையாகப் பதிவுசெய்து, உண்மையான லாபத்தைக் காட்டும் வழி. இதில் எரிபொருள், காப்பீடு, டயர், பழுதுநீக்கம், வாகனக் கடன் வட்டி ஆகியவற்றுடன் தேய்மானத்தையும் கழிக்கலாம். சொந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தும் வண்டிக்குத் தேய்மானம் 15 சதவீதம்; வாடகைக்கு ஓட்டும் லாரி, டாக்சி போன்றவற்றுக்கு 30 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி மட்டுமே.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, மாதத் தவணை முழுவதும் செலவாகாது. அதிலுள்ள வட்டி மட்டுமே செலவு. அசலுக்கு ஈடாகத்தான் தேய்மானம் கிடைக்கிறது. இரண்டு, அதே வண்டியில் குடும்பத்துடன் கோயிலுக்கும் திருமணத்துக்கும் சென்றுவந்தால், அந்தப் பயன்பாட்டுக்குரிய பங்கைச் செலவில் சேர்க்கக் கூடாது. மூன்று, ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு ஏற்கப்படாது. போக்குவரத்து விதிமீறலுக்குக் கட்டிய அபராதமும் அவ்வாறே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரின் ஆண்டு வரவு ரூ.18 லட்சம் என்று கொள்வோம். அதில் ரூ.12 லட்சம் யுபிஐ மூலமும் ரூ.6 லட்சம் ரொக்கமாகவும் வந்தது. உத்தேச முறைப்படி அவருடைய குறைந்தபட்ச வருமானம் ரூ.72,000-மும் ரூ.48,000-மும் சேர்ந்து ரூ.1,20,000.

அவருடைய உண்மைக் கணக்கு என்ன? உதிரிபாகங்களுக்கு ரூ.7 லட்சம், உதவியாளர் கூலி ரூ.3 லட்சம், கருவிகள், கைப்பேசி முதலியவற்றுக்கு ரூ.60,000. அவ்வாண்டின் தொடக்கத்தில் ரூ.6 லட்சத்துக்கு வாங்கிய 'குட்டியானை' வண்டிக்கு டீசல் ரூ.1,20,000, காப்பீடும் பழுதுநீக்கமும் ரூ.50,000, கடன் வட்டி ரூ.40,000, தேய்மானம் ரூ.90,000. ஆக, வண்டிச் செலவு மட்டும் ரூ.3 லட்சம். ஓடிய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சொந்த உபயோகம் என்றால், தொழில் செலவு ரூ.2,40,000. எல்லாவற்றையும் கழித்தால் அவருடைய உண்மையான வருமானம் ரூ.5 லட்சம்.

ரூ.1,20,000 எங்கே, ரூ.5 லட்சம் எங்கே? இங்குதான் பலர் தவறான முடிவுக்கு வருகின்றனர். குறைத்துக் காட்டுவதே லாபம் என்று நினைக்கின்றனர். படிவத்தை நிரப்பித் தரும் சில இடைத்தரகர்களும் எதையும் விசாரிக்காமல் குறைந்தபட்சத் தொகையையே எழுதிவிடுகின்றனர். ஆனால், 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி விகித முறையில், இத்தகைய தொழில் வருமானம் ரூ.12 லட்சம் வரை இருந்தால், தள்ளுபடியின் காரணமாக வரி ஏதுமில்லை. ரூ.1,20,000 காட்டினாலும் வரி பூஜ்ஜியம், ரூ.5 லட்சம் காட்டினாலும் வரி பூஜ்ஜியம். மறைத்ததனால் மிச்சமானது ஒரு ரூபாய்கூட இல்லை.

இழப்போ மிகப் பெரிது. வங்கியில் வீட்டுக் கடனோ, தொழில் கடனோ கேட்டால், கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளின் வரிக் கணக்கைக் கேட்கின்றனர். மாதம் பத்தாயிரம் ரூபாய் வருமானம் காட்டியவருக்குப் பெரிய கடன் கிடைக்காது. அவர் கந்துவட்டிக்காரரிடம் செல்கிறார். வரியில் மிச்சப்படாத பணம் வட்டியில் கரைகிறது.

இதைவிட வேதனையான ஒன்றும் உண்டு. நாள் முழுவதும் சாலையில் வண்டியோட்டிப் பிழைப்பவருக்கு விபத்து நேர்வது அரிதன்று. விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை நிர்ணயிக்கும் தீர்ப்பாயம், முதலில் அவருடைய வருமானம் என்ன என்றே கேட்கும். வருமான வரிக் கணக்கு சட்டபூர்வமான ஆவணம் என்றும், வருமானத்தை நிர்ணயிக்க அதைச் சார்ந்திருக்கலாம் என்றும் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் குறைந்தவராயின், எதிர்கால வளர்ச்சிக்காக அந்த வருமானத்துடன் 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

மேற்சொன்னவர் 35 வயதில், நால்வர் கொண்ட குடும்பத்தைத் தவிக்கவிட்டு மறைந்தார் என்று கொள்வோம். ரூ.5 லட்சத்துடன் 40 சதவீதம் சேர்த்தால் ரூ.7 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் ரூ.5,25,000. அந்த வயதுக்குரிய பெருக்கி எண் 16. எனவே, வருமான இழப்புக்கான இழப்பீடு ரூ.84 லட்சம். அவர் காட்டிய வருமானம் ரூ.1,20,000 என்றால், இதே கணக்கில் கிடைப்பது ரூ.20,16,000. தீர்ப்பாயம் வேறு ஆதாரங்களையும் பரிசீலிக்கலாம் என்றாலும், கணவரே கையொப்பமிட்ட கணக்குக்கு எதிராக மனைவி வழக்காட வேண்டிய நிலை எத்தகைய கொடுமை!

'சட்டமே 8 சதவீதம் போதும் என்கிறபோது கூடுதலாக ஏன் காட்ட வேண்டும்?' என்று சிலர் வாதிடுவர். அந்தச் சட்டப் பிரிவு, 8 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஈட்டிய தொகை என்றே கூறுகிறது. அது குறைந்தபட்சம், அனைவருக்குமான அளவுகோல் அன்று. உத்தேச முறையின் எளிமையை வைத்துக்கொண்டே உண்மையான ரூ.5 லட்சத்தைக் காட்டுவதற்குத் தடையேதும் இல்லை. மாறாக, உண்மையான லாபம் 6 அல்லது 8 சதவீதத்துக்கும் கீழே இருப்பவர்கள் மட்டும் சற்று யோசித்துச் செயல்பட வேண்டும். இம்முறையில் ஓராண்டு கணக்குக் காட்டியவர், அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் விலகினால், அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மீண்டும் இம்முறைக்குத் திரும்ப முடியாது. வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்கேடுகளும் தணிக்கையும் கட்டாயமாகிவிடும்.

கணக்குத் தாக்கல் செய்யாததால் கண்ணெதிரே இழக்கும் பணமும் உண்டு. நிறுவனங்களுக்கு ஒப்பந்தப் பணி செய்யும் தனிநபருக்கு, ஒரே தொகை ரூ.30,000-ஐயோ, ஆண்டு மொத்தம் ரூ.1 லட்சத்தையோ தாண்டும்போது, 1 சதவீதம் வரிப்பிடித்தம் செய்யப்படுகிறது. பான் எண் தராதவருக்கு 20 சதவீதம். வரி செலுத்த வேண்டியிராதவர் இத்தொகையைத் திரும்பப் பெற ஒரே வழி, கணக்குத் தாக்கல் செய்வதுதான். கேட்காதவருக்கு அரசு தானாகத் திருப்பித் தருவதில்லை.

உண்மையான வருமானத்தை அறிய என்ன செய்ய வேண்டும்? பட்டயக் கணக்காளரின் புலமை தேவையில்லை. ஒரு நாட்குறிப்பு போதும். ஏப்ரல் 1 அன்றும் மார்ச் 31 அன்றும் வண்டியின் ஓட்டமானி காட்டும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலைக்குச் சென்ற இடத்தையும் தூரத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும். டீசல், டயர், பட்டறை ரசீதுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். தொழில் வரவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது மிக நன்று. மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்றும் வாடிக்கையாளர் தந்த கூலியும் ஒன்றோடொன்று கலக்காது.

இந்த நாட்குறிப்பின் பயன் வரியுடன் முடிவதில்லை. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அவர் ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் செலவு ரூ.15. ஆனால், டீசல் செலவை மட்டும் மனத்தில் வைத்து ரூ.6 என்றே அவர் எண்ணிக்கொள்கிறார். 20 கி.மீ. தொலைவிலுள்ள வீட்டுக்குச் சென்று திரும்ப உண்மையில் ரூ.600 ஆகிறது; அவரோ ரூ.240 என்று கருதிக் கூலி பேசுகிறார். எஞ்சிய தொகையை அவருக்காக வண்டி தன் ஆயுளிலிருந்து கொடுக்கிறது. சில ஆண்டுகளில் வண்டி தேய்ந்து நிற்கும்போது, புதியது வாங்கக் கையில் பணம் இருப்பதில்லை. தேய்மானம் என்பது வரிச் சட்டத்தின் சலுகை மட்டுமன்று. நாளைய வண்டிக்காக இன்றைய வருவாயிலிருந்து எடுத்துவைக்க வேண்டிய பங்கு.

அரசும் தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்ய வேண்டும். மின்பணியும் குழாய்ப்பணியும் கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில், கூலி நிர்ணயம், வாகனச் செலவு, வரிக் கணக்கு ஆகியவற்றைச் செய்முறைப் பாடமாகக் கற்பிக்கலாம். தாக்கல் பருவத்தில், இ-சேவை மையங்களில் தமிழில் வழிகாட்டும் உதவியாளர்களை அமர்த்தலாம். உத்தேசத் தொகை குறைந்தபட்சமே, உண்மையான வருமானம் கூடுதலாயின் அதையே எழுதுக என்னும் ஒரு வரி, படிவத்திலேயே தமிழில் இடம்பெற்றால் பலரும் பயனடைவர்.

நம் வீட்டு விளக்கு எரியவும் குழாயில் நீர் வரவும் உழைப்பவர்களின் வருமானம், அவர்கள் உயிருடன் இருக்கும்போதும் ஊகம், மறைந்த பின்னும் ஊகம் என்று ஆகிவிடக் கூடாது. நாள்தோறும் இரவில் ஐந்து நிமிடம் எழுதும் ஒரு வரிதான் அதற்கான முதல் காப்பீடு.