அரளிக் கிளையும் குதிரையும்

வேலியோரம் அழகுக்காக நாம் வளர்க்கும் அரளி குதிரைக்குக் கொடிய நஞ்சு. இலை, பூ, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உள்ள ஓலியாண்ட்ரின் என்ற நச்சுப்பொருள் இதயத் துடிப்பையே தடுமாற வைத்துவிடும். மஞ்சள் அரளியும் ஆபத்தானதுதான். பச்சை இலை கசப்பதால் குதிரை பெரும்பாலும் வாய் வைக்காது. கழித்துப்போட்ட கிளையில்தான் கவனம் வேண்டும். இலை வாடினால் கசப்பு குறையும், நஞ்சு போகாது. சருகு வைக்கோலில் கலந்துவிட்டால் குதிரை அதையும் சேர்த்தே மென்றுவிடும். தின்றதை வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது.

கழித்த கிளைகளை லாயத்துப் பக்கமே போடாதீர்கள். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகையும் கெடுதல். குதிரை முன்காலால் தரையைப் பிறாண்டினாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, கழிச்சல் கண்டாலோ, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தின்ற இலையில் ஒன்றை அவரிடம் காட்டுங்கள்.