தறி விட்ட நேரம்

ஆரணியில் பட்டு நெய்யும் வீடுகளில் தறிதான் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தார் சுற்றுவதையும் அறுந்த இழையைப் பிணைப்பதையும் பிள்ளைகள் பார்த்தே பழகிவிடுகிறார்கள். அதுவும் கல்விதான். ஆனால் அந்தக் கல்விக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை பெரிது.

கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். நெய்பவருக்குத் துணையாக இன்னொரு ஆள் வேண்டும். பல தறிகளில் ஒரு சிறுவனோ சிறுமியோதான் அந்தத் துணையாக இருந்தது. பெற்றவர்கள் வாங்கிய முன்பணம் அடைபடும்வரை அவர்களால் எழுந்துபோக முடியவில்லை. பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இப்படிச் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு விரிவாக எழுதியது.

உழைக்கும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்தவர்கள் பல நாடுகளிலும் முதலில் தேடியது நேரத்தைத்தான். இங்கிலாந்தின் குளோஸ்டரில் 1780-ல் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கினார். மற்ற ஆறு நாளும் பிள்ளைகளுக்கு வேலை இருந்தது. நம் ஊரில் 1990-களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வேலை முடிந்த மாலைப் பொழுதைப் பிடித்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் ஊதியம் வாங்காத உள்ளூர் இளைஞர்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் மாலை வகுப்பாகத்தான் வந்தது, தன்னார்வலருக்கு அப்போது மாதம் 1,000 ரூபாய்.

இங்கேதான் சிக்கல். 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிற 2016 சட்டத் திருத்தம், பள்ளி விட்டபின் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் சொல்கிறது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் வகுப்பும் தறியும் ஒரே மாலைக்குப் போட்டி போடும். குடும்பத்தில் பணமுடை வந்தால் தறிதான் ஜெயிக்கும். இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அதைவிட என்னை வருத்துவது 14-லிருந்து 18 வரையான வயது. இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது. பத்தாவதோடு படிப்பை விட்ட பிள்ளைக்கு மாலையில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். தறியில் பூவேலைப்பாட்டை வழிநடத்தும் ஜக்கார்டு அட்டைக்கான டிசைனை இப்போது கணினியில் போடுகிறார்கள். தறி தெரிந்த கைக்கு அது சீக்கிரம் வரும். ஒரு சேலைக்குப் பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, எத்தனை நாள் உழைப்பு, கூலி எவ்வளவு, கடையில் விலை எவ்வளவு என்று தன் வீட்டுக் கணக்கை அந்தப் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும். முதல் பாடமாக அதையே வைக்கலாம்.