கண்ணாடிப் பெட்டியில் ஒரு கட்டெறும்புக் குடி

எறும்பை வீட்டை விட்டு விரட்டுவதிலேயே நம் காலம் கழிகிறது. வாசலில் அரிசிமாக் கோலமிட்டு அதற்கு உணவளிக்கும் அதே கை, அடுக்களை அலமாரியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்து அதனைத் தடுக்கவும் செய்கிறது. அப்படியிருக்க, எறும்புகளை விருந்தினராக அழைத்து வந்து ஐந்து மாத காலம் மேசைமேல் வைத்துக் காத்த கதையை எழுதப் புகுவது அன்பர்களுக்கு நகைப்பாகத் தோன்றலாம். எட்டாம் வகுப்பில் பயிலும் என் பேரனே இதற்குக் காரணம். பாதிப் பழி என்னையும் சாரும்.

கொல்கத்தாவின் தென்பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் ஒரு நாவல் மரம் இருக்கிறது. அதன் அடியில், விரலளவு துளையிலிருந்து தனித்தனியே வெளிவந்து இரை தேடித் திரியும் கரிய பேரெறும்புகளை நாங்கள் நெடுநாளாகக் கண்டு வந்தோம். ஊரில் இவற்றைக் கட்டெறும்பு என்றே சொல்லியிருப்போம். சாரை சாரையாகச் செல்லும் வழக்கம் இவற்றிற்கு இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் உடல் முழுதும் உளியால் கீறியது போன்ற வரிகள் தெரியும். கொட்டினால் கடுக்கும். இதன் அறிவியற் பெயர் டையகம்மா இண்டிகம். 1920-இல் சாண்ட்சி என்னும் அறிஞர் இட்டது. நம் நாட்டில் பரவலாக வாழும் உயிரே என்றாலும், இதனை ஆராய்ந்தவர்கள் மிகச் சிலர். அச்சிலரில், கொல்கத்தாவுக்கு வடக்கே மோகன்பூரிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தார் குறிப்பிடத்தக்கவர்.

இவ்வெறும்பின் பெருவிந்தை யாதெனில், இதற்கு அரசி கிடையாது. பிறக்கும் பெண்கள் யாவரும் வேலைக்காரிகளே. அவர்கள் கூட்டுப்புழுவின் உறையைவிட்டு வெளிவரும்போது, மார்பின் இரு பக்கத்திலும் சிறகின் எச்சம் போன்ற இரு சிறு மொட்டுகள் இருக்கும். குடியில் முட்டையிடும் உரிமை பெற்றவள் ஒருத்தியே; அவள் ஆணோடு கூடியவள். ஆராய்ச்சியாளர் அவளைக் கேமர்கேட் என்பர். மணமுற்ற வேலைக்காரி என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். புதிதாகப் பிறந்தவளின் மொட்டுகளை அவள் கடித்து அகற்றிவிடுகிறாள். மொட்டிழந்தவளின் சுபாவமே மாறிவிடுகிறது. அஞ்சி ஒடுங்கி, ஆணை நாடாமல், ஆயுள் முழுதும் உழைக்கிறாள். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் இனங்களில் இவ்வுண்மை 1989-இல் வெளியாயிற்று. நீலகிரிப் பகுதியில் வாழும் நெருங்கிய உறவினம் ஒன்றில் மட்டும் மொட்டுகளைக் கடிக்கும் வழக்கம் இல்லை என்று 1992-இல் எழுதினார்கள். அங்கே எல்லாருக்கும் மொட்டு உண்டு. ஆயினும் மணப்பவள் ஒருத்திதான். நம் மலைநாட்டு எறும்பு சற்று நாகரிகமானது என்று என் பேரன் பெருமை பேசினான். நான் மறுக்கவில்லை.

குஜராத்தில் வாழும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் கீர்க் காட்டில் இவ்வினத்தின் தமக்கையான டையகம்மா ருகோசம், வாயிலைச் சுற்றிப் பறவை இறகுகளையும் இறந்த எறும்புகளையும் குவித்து வைக்கிறது. வறண்ட நாட்களில் அவற்றின்மேல் படியும் பனித்துளியே அதற்குக் குடிநீர். மார்க் மாஃபெட் என்பவர் 1985-இல் இதனை எழுதினார்.

2024-இல் நாங்கள் செய்த முதல் முயற்சி அறியாமையின் விளைவு. வெளியே திரிந்த பன்னிரண்டு எறும்புகளைப் பிடித்துப் பெட்டியிலிட்டோம். முட்டையும் இல்லை, முட்டையிடுபவளும் இல்லை. சில வாரங்களில் ஒவ்வொன்றாக மடிந்தன. 2025 பிப்ரவரியில் பூந்தொட்டி ஒன்றை நகர்த்தியபோது ஒரு முழுக் குடியே கீழே இருக்கக் கண்டோம். பெரியவை அறுபத்து மூன்று. வெண்முட்டைகளும் புழுக்களும் பழுப்புநிறக் கூடுகளும் கூட இருந்தன. மென்தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்தோம். இருமுறை கொட்டுப்பட்டேன்.

வசதி எளியதுதான். கண்ணாடிப் பெட்டியின் அடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, ஈரம் உலராமல் நாள்தோறும் சில துளி நீர் விட்டோம். ஈரம் குறைந்தால் புழுக்கள் வாடிவிடும். மிகுந்தாலோ பூஞ்சை பிடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கைதான் பழகிக் கற்க வேண்டும். உறைவிடத்தின்மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டினோம். எறும்பின் கண்ணுக்குச் சிவப்பொளி சரிவரப் புலப்படாது. ஆகவே அவை இருளில் இருப்பதாக எண்ணியிருக்க, நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைத்தது என் மனைவியின் யோசனை. அடுக்களை அலமாரியின் தந்திரமே அது, திசைதான் மாறியது.

உணவு விஷயத்தில் வீட்டில் சிறு பூசல் எழுந்தது. ஆராய்ச்சிக்கூடங்களில் எறும்புக்கென்றே ஒரு பாகு செய்கிறார்கள். பட்கர், விட்கோம்ப் என்னும் இருவர் 1970-இல் வெளியிட்ட முறைப்படி, 500 மில்லிலிட்டர் நீருக்கு 5 கிராம் அகர், 62 மில்லிலிட்டர் தேன், ஒரு வைட்டமின் மாத்திரை, ஒரு கோழி முட்டை. கடைசிப் பொருள் எங்கள் அடுக்களைக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. எனவே தேனீரும், தோட்டத்துக் கறையானும் கொடுத்தோம். உயிருள்ள கறையானைத் தின்னக் கொடுப்பது முட்டையைவிட எவ்விதத்தில் சைவம் என்று பேரன் கேட்டான். பாட்டி அதற்கு இன்னும் விடை சொல்லவில்லை.

மே மாதத்தில் என் கை தவறிற்று. நீர் விட்டபின் மூடியைச் சாய்த்தபோது ஓர் எறும்பு விளிம்பில் நசுங்கியது. அறுபதில் ஒன்று என்றுதான் முதலில் எண்ணினேன். பேரன் உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்து, "தாத்தா, இதற்கு மொட்டு இருக்கிறது" என்றான்.

அன்று முதல் மூன்று நாள் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவன் வருத்தம் நியாயமே. முட்டையிடுபவள் போனால், எஞ்சிய வேலைக்காரிகள் இடும் கருவுறா முட்டைகளிலிருந்து ஆண்களே பிறக்கும். உழைக்க ஆளின்றிக் குடி அழியும். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்பார்கள். எங்கள் கட்டெறும்பு தேய்ந்து என்னவாகும் என்று சொல்லப் பழமொழி இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு கூடு பிளந்தது. வெளிவந்த இளையவளின் மொட்டுகளை யாரும் கடிக்கவில்லை. நான்கு நாட்களுக்குப்பின் பிறந்த அடுத்தவளின் மொட்டுகளை இவளே கடித்து எறிந்தாள். நாங்கள் இருவரும் மாறி மாறிக் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தோம். வாரிசு வந்துவிட்டாள் என்ற களிப்பு நெடுநாள் நிற்கவில்லை. ஒரு நாள் அவள் உறைவிடத்தை விட்டு வெளியே வந்து, வயிற்றை வளைத்து, பின்னங்கால்களால் அதனைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். ஆணை அழைக்கும் நிலை அது. அவ்வாறு எழும் மணத்தை நுகர்ந்து வேறு குடியின் சிறகுள்ள ஆண் பறந்து வரவேண்டும். எங்கள் பெட்டிக்கோ மூடி இருந்தது. மறுநாளும் நின்றாள், அதற்கு மறுநாளும் நின்றாள்.

இந்நிலையில் என் மகனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. பெட்டியையும் இரயிலில் எடுத்துச் செல்வேன் என்று பேரன் அடம் பிடித்தான். ஓரிடத்து உயிரை மற்றோரிடத்தில் கொண்டுபோய் விடுவதன் கேட்டை எடுத்துரைத்தேன். அதனோடு கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் பயணம் செய்யும். அவ்வாண்டு மே மாதம் கென்யா நாட்டில், ஏறத்தாழ ஐயாயிரம் எறும்புகளைக் குழாய்களில் அடைத்துக் கடத்த முயன்ற நால்வருக்கு நீதிமன்றம் பெருந்தொகை அபராதம் விதித்திருந்தது. அவருள் இருவர் பத்தொன்பது வயது இளைஞர். எறும்பு வளர்ப்போருக்கு விற்பதற்காகவே அக்கடத்தல். இச்செய்தியையும் படித்துக் காட்டினேன். "நாம் மட்டும் போகலாமா?" என்று கேட்டான். அக்கேள்விக்கு நான் கூறிய விடை அவனுக்கும் திருப்தி அளிக்கவில்லை, எனக்கும் அளிக்கவில்லை. பிறகு அவனே, "அவள் அழைப்பது வெளியில் கேட்கட்டும்" என்றான்.

ஜூன் இறுதியில், மழை ஓய்ந்த ஒரு காலையில், பெட்டியை நாவல் மரத்தடிக்குக் கொண்டு சென்றோம். இரண்டடி தூரத்தில் செங்கற்களுக்கிடையே ஒரு பொந்து அமைத்தோம். பெட்டியின் மூடியையும் சிவப்புக் காகிதத்தையும் எடுத்துவிட்டோம். வெளிச்சம் பட்டால் இவை வேறிடம் தேடும். முக்கால் மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு ஒருத்தி பொந்துக்குள் சென்று சுற்றிப் பார்த்துத் திரும்பி வந்தாள். உறவினள் ஒருத்தியை முன்னே நின்று அழைத்தாள். அழைக்கப்பட்டவள் தன் உணர்கொம்புகளால் வழிகாட்டியின் பின்னுடலைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். தொடுகை விட்டுப்போனால் முன்னவள் நின்றுவிடுவாள். பின்னவள் வந்து தொட்டபின்தான் அடுத்த அடி. ஒரு நடைக்கு ஒருத்தி. எங்கள் வீட்டுச் சாமான்களை ஏற்ற வந்த லாரிக்காரர்கூட நின்று பார்த்தார்.

நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. வழிகாட்டிகளாக நடந்தவர் ஐந்தாறு பேரே. புழுக்களையும் கூடுகளையும் வாயில் கவ்விச் சென்றனர். மொட்டுடையவள் தூக்கிச் செல்லப்படவில்லை. மற்றவரைப் போலவே ஒருத்தியின் பின்னே தொட்டுக்கொண்டு நடந்து, நடுவில் ஓர் இலையருகே சிறிது தயங்கி, உள்ளே மறைந்தாள்.

நானும் மனைவியும் கொல்கத்தாவிலேயே இருக்கிறோம். புனேவிலிருந்து ஞாயிறுதோறும் தொலைபேசி வரும். பாட்டியின் நலம் விசாரிப்பதற்கு முன்பே பொந்தின் நலம் விசாரிக்கப்படுகிறது. எறும்பு நடமாட்டம் இருக்கிறது என்று சொல்கிறேன். அவை இளையவையா முதியவையா என்று கேட்கிறான். கண்ணாடியை எடுத்துக்கொண்டு நான் மறுபடியும் மரத்தடிக்குப் போகிறேன்.