நிலக்கரியும் பயிர்க் கழிவும் எண்ணெயாகும் விதம்

பருத்தி மார், உமி, கரும்புச் சக்கை ஆகியவை எரிப்பதற்கே உதவும் என்பது பலரின் எண்ணம். இவற்றை நிலக்கரியோடு சேர்த்து டீசல் போன்ற எண்ணெயாக மாற்றவும் இயலும். அம்முறையையும், அதில் கிராமத்தார் கருத வேண்டியதையும் இங்கு காண்போம்.

நிலக்கரியை மிகுந்த வெப்பத்தில் வைத்து, பிராணவாயுவையும் நீராவியையும் அளவோடு செலுத்தினால், அது முற்றிலும் எரிந்து போகாமல் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவாகிறது. இவ்வாயுவை எண்ணெயாக்கும் வழியை 1925-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் பிரான்ஸ் பிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்னும் விஞ்ஞானிகள் கண்டனர். வாயுவிலுள்ள கந்தகத்தை நீக்கி, இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் 200 முதல் 350 டிகிரி வெப்பத்தில் செலுத்துவதே அவ்வழி. தென்னாப்பிரிக்காவின் சசோல்பர்க் நகரில் 1955-ஆம் ஆண்டில் இவ்வாறு நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கினர்.

நிலக்கரியை மட்டும் உபயோகித்தால், பெட்ரோலிய எண்ணெயைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு கரியமில வாயு வெளிப்படுகிறது. பயிர்க் கழிவிலிருந்து வெளிப்படும் கரியமில வாயுவோ, பயிர் வளரும்போது காற்றிலிருந்து பெற்றதேயாகும். ஆகவே கழிவைக் கலக்குமளவுக்கு இக்குறை தணிகிறது. கழிவு பருவத்தில் மட்டுமே கிடைப்பது. நிலக்கரியோ ஆண்டு முழுவதும் ஆலையை நடத்த உதவும். நெதர்லாந்தின் புக்கெனும் மின் நிலையம் 2013-ஆம் ஆண்டில் மூடப்படும் முன்பு, நிலக்கரியோடு மரத்தையும் சேர்த்து வாயுவாக்கியது. அவ்வாயு மின்சாரம் எடுக்கவே பயன்பட்டது. எனினும் இரண்டையும் ஒரே கலனில் வாயுவாக்க முடியும் என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

இடர்களும் உண்டு. ஈரமான கழிவை உலர்த்த வேண்டும். வைக்கோலின் சாம்பல் எளிதில் உருகிக் கலனை அடைக்கும். எடை குறைந்து இடத்தை அடைக்கும் பொருளாதலின், தொலைவிலிருந்து கொணர்ந்தால் வண்டிச் செலவே விலையை விழுங்கிவிடும்.

விவசாயிகள் மறக்கலாகாத கணக்கு ஒன்றுண்டு. ஒரு டன் நெல் வைக்கோலில் 5 கிலோவுக்குக் குறையாத தழைச்சத்தும், 10 கிலோவுக்கு மேற்பட்ட சாம்பல்சத்தும் அடங்கியுள்ளன. வைக்கோலை விற்றால் இவையும் நிலத்தை விட்டு நீங்கும். உரமிட்டு ஈடு செய்யும் செலவு நம்முடையதே. ஆதலின் மாட்டிற்கும் மண்ணிற்கும் வேண்டியதை முதலில் ஒதுக்குக. எஞ்சியதற்கு மட்டுமே விலை பேசுதல் நலம். கழிவை வாங்க எவரேனும் முன்வரின், ஊரில் உண்மையில் எஞ்சுவது எவ்வளவு என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர் முன்னதாகவே கணக்கிட்டு வைத்திருத்தல் வேண்டும்.